விதைக்கிழங்கு தேர்விலிருந்து மண் அணைப்பு வரை: வீட்டுத் தோட்டத்தில் உருளைக்கிழங்கு நடவு

உருளைக்கிழங்கு நட்டுப் பார்த்தேன், வரவில்லை என்று சொல்பவர்களை விசாரித்தால் பெரும்பாலும் ஒரே கதைதான். சமையலறைக் கூடையில் முளைவிட்ட கிழங்கொன்றை இரண்டாக நறுக்கி, அன்றைக்கே தொட்டியில் புதைத்து, நாள் தவறாமல் தண்ணீர் ஊற்றியிருப்பார்கள். பத்தாம் நாள் கிளறிப் பார்த்தால் கொழகொழவென்று அழுகிய தோல் மட்டும் கையில் வரும். மண் சரியில்லை, தண்ணீர் உப்பு, ஊர் வெயில் என்று பிறகு காரணம் தேடுவார்கள். உண்மையில் உருளைக்கிழங்கின் விளைச்சலில் பெரும்பகுதி நடவுக்கு முந்தைய மூன்று நான்கு வாரங்களிலேயே முடிவாகிவிடுகிறது. அந்த வாரங்களில் விதைக்கிழங்கை எப்படித் தேர்ந்தெடுத்து, முளைகட்டி, தேவைப்பட்டால் வெட்டி, பிறகு எப்படி நடுவது என்பதை இங்கே முறையாகச் சொல்கிறேன். ஓசூர், தாளவாடி, திண்டுக்கல், கோவை போன்ற பகுதிகளில் குளிர்காலத்தில் வீட்டுத் தோட்டம் போடுபவர்களை மனத்தில் வைத்தே இது எழுதப்படுகிறது. நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் மாறுபடும் இடங்களை அங்கங்கே குறிப்பிடுகிறேன்.

எப்போது நடுவது

நாளை முடிவு செய்வதற்கு முன்னால் செடியின் இயல்பைத் தெரிந்துகொள்ள வேண்டும். உருளைக்கிழங்கின் இலையும் தண்டும் ஓரளவு வெயிலைத் தாங்கி வளர்ந்துவிடும். ஆனால் மண்ணுக்குள் கிழங்கு திரள்வதற்கு இரவுக் குளிர்ச்சி தேவை. மண்ணின் வெப்பம் 15 முதல் 20 டிகிரி வரை இருக்கும்போது கிழங்கு நன்றாகத் திரளும். 30 டிகிரியை நெருங்கினால் செடி பச்சைப்பசேலென்று நின்றாலும் அடியில் ஒன்றும் இருக்காது. ஆகவே சமவெளியில் கிழங்கு திரளும் காலம் டிசம்பர் கடைசி, ஜனவரி ஆகிய குளிர் வாரங்களில் விழும்படி நடவைக் கணக்கிட வேண்டும். நட்ட முப்பது முதல் நாற்பது நாட்களில் கிழங்கு பிடிக்கத் தொடங்கும் என்பதால், நவம்பர் முதல் வாரத்திலிருந்து நவம்பர் கடைசி வரை நடுவது பொருத்தமாகும்.

அக்டோபரிலேயே நடலாம் என்று எழுதியிருப்பதையும் காணலாம். நிலம் சரிவாக, வடிகாலோடு இருந்தால் அது சரிதான். ஐப்பசி அடைமழையில் வீட்டுப் பாத்தியில் இரண்டு நாள் தண்ணீர் நின்றாலே நட்ட கிழங்கு போய்விடும் என்பதால், மழை ஓயட்டும் என்று காத்திருந்து கார்த்திகையின் முதல் பாதியில் நடுவதையே நான் விரும்புகிறேன். ஒரு வாரம் தள்ளிப்போனால் குற்றமில்லை. டிசம்பர் பாதியைத் தாண்டினால் கிழங்கு பருக்கும் நேரத்தில் மாசி வெயில் வந்துவிடும். சென்னை போன்ற கடலோர ஊர்களில் இரவு வெப்பம் 20 டிகிரிக்குக் கீழே அதிகம் இறங்குவதில்லை. அங்கே நடுபவர்கள் கோலிக்குண்டைவிடச் சற்றுப் பெரிய கிழங்குகளோடு மனநிறைவு கொள்ளத் தயாராக இருக்க வேண்டும்.

நீலகிரியில் கணக்கே வேறு. அங்கே ஏறத்தாழ ஆண்டு முழுவதும் குளிர்ச்சி இருப்பதால் மூன்று போகம் உண்டு: மார்ச், ஏப்ரலில் நடும் கார்போகம், ஆகஸ்ட், செப்டம்பரில் நடும் கடைபோகம், ஜனவரி, பிப்ரவரியில் பாசனத்தை நம்பி நடும் நீர்போகம்.

விதைக்கிழங்கைத் தேர்ந்தெடுத்தல்

விதைக்கிழங்கு என்பது தாவரவியல்படி விதையன்று. உருளைக்கிழங்குச் செடி பூத்துக் காய்த்தால் சிறு தக்காளி போன்ற பச்சைக் காய் பிடிக்கும். அதற்குள் இருப்பதே உண்மையான விதை. (அந்தக் காய் நஞ்சுள்ளது, குழந்தைகள் இருக்கும் வீட்டில் கிள்ளி எறிந்துவிடுவது நல்லது.) நாம் நடும் கிழங்கு, மண்ணுக்குள் பருத்த தண்டு. அதன் கண்கள் தண்டிலுள்ள மொட்டுகள். தாய்ச்செடியின் உடலில் ஒரு துண்டையே எடுத்து நடுவதால், தாய்க்கு இருந்த வைரஸும் பாக்டீரியாவும் நூற்புழுவும் பிள்ளைக்கு அப்படியே வந்து சேரும். தக்காளி விதையில் கழிந்துவிடும் பல நோய்கள் இங்கே கழிவதில்லை. தலைமுறைக்குத் தலைமுறை நோய் சேர்ந்து விளைச்சல் குறைந்துகொண்டே போவதை விதை நலிவு என்பார்கள். இந்தியாவில் இதற்கு வழி கண்டவர், மத்திய உருளைக்கிழங்கு ஆராய்ச்சி நிலையத்தின் புஷ்கர்நாத். வைரஸைப் பரப்பும் அசுவினிப் பூச்சி வட இந்தியச் சமவெளியில் குறைவாக இருக்கும் குளிர்காலத் தொடக்கத்தில் விதைப்பயிரை வளர்த்து, அசுவினி பெருகுவதற்கு முன்பே செடியை அறுத்துவிடும் முறையை அவர் வகுத்தார். இன்று பஞ்சாபிலிருந்து நாடு முழுவதும் செல்லும் விதைக்கிழங்கு அந்த முறையின் பயன்.

அந்த ஆராய்ச்சி நிலையம் சிம்லாவில் இருக்கிறது. அருகிலுள்ள குஃப்ரி என்ற மலையூரில் இனக்கலப்பு செய்து உருவாக்கியவை என்பதால்தான் நம் நாட்டு ரகங்களின் பெயருக்கு முன்னால் 'குஃப்ரி' வருகிறது. 1968-இல் வெளியான குஃப்ரி ஜோதி மலையிலும் சமவெளியிலும் பரவலாகப் பயிராவது. நம் ஊரில் கேட்டவுடன் கிடைக்கக்கூடியதும் அதுவே. குஃப்ரி சூர்யா மற்ற ரகங்களைவிடச் சற்றுக் கூடுதல் வெப்பத்தைத் தாங்கிக் கிழங்கு வைக்கும். கிடைத்தால் கோவை, திண்டுக்கல் பகுதியினர் அதையே வாங்கலாம். குஃப்ரி புக்ராஜ் விரைவாக முதிர்வது, குளிர்காலம் குறுகியதாக இருக்கும் இடத்துக்கு ஏற்றது.

ஊட்டிக்குச் சுற்றுலா போகிறவர்கள் அங்கிருந்து ஒரு பை விதைக்கிழங்கு வாங்கி வந்து நடலாமே என்று நினைப்பதுண்டு. அதைச் செய்யக் கூடாது. 1961-இல் நீலகிரியில் முட்டைக்கூடு நூற்புழு இருப்பதை ஜோன்ஸ் என்ற ஆங்கிலேய ஆய்வாளர் கண்டறிந்தார். வேரில் கடுகைவிடச் சிறிய உருண்டைகளாக ஒட்டியிருக்கும் இதன் முட்டைக்கூடு ஒவ்வொன்றிலும் நூற்றுக்கணக்கான முட்டைகள் இருக்கும். உருளைக்கிழங்கே இல்லாத மண்ணிலும் அவை பல ஆண்டுகள் உயிரோடு காத்துக் கிடக்கும். கிழங்கில் ஒட்டிய ஒரு சிட்டிகை மண் போதும், புது நிலத்துக்குப் பரவிவிடும். அதனால் நீலகிரி விதைக்கிழங்கு வெளியே போவதற்கு 1971 முதல் தடை இருக்கிறது. மலையில் இருப்பவர்கள், இந்த நூற்புழுவை எதிர்க்கும் குஃப்ரி சுவர்ணா போன்ற ரகத்தைப் பயிரிடுவதோடு, முட்டைக்கோஸ், கேரட், பூண்டு, பட்டாணி என்று மாற்றி மாற்றிப் போட்டு, உருளைக்கிழங்கு அதே பாத்திக்குத் திரும்ப மூன்று நான்கு ஆண்டுகளாவது ஆகும்படி பார்த்துக்கொள்ள வேண்டும்.

சான்று பெற்ற விதைக்கிழங்கு ஐம்பது கிலோ மூட்டையாகவே கிடைக்கும் என்பதுதான் வீட்டுத் தோட்டக்காரரின் சிக்கல். நான்கைந்து பேர் சேர்ந்து ஒரு மூட்டை வாங்கிப் பிரித்துக்கொள்ளலாம். அல்லது பக்கத்து விவசாயி நடவுக்கு எடுத்து வைத்திருப்பதில் இரண்டு கிலோ கேட்டு வாங்கலாம். இரண்டுமே முடியாதபோதுதான் கடைக் கிழங்கு. அதிலும் நோயும் உறக்கமும் (முளைக்காமல் கிடக்கும் காலம்) எப்படியிருக்கும் என்று வெளியிலிருந்து தெரியாது. நீண்ட நாள் சேமிப்புக்காக முளைப்பைத் தடுக்கும் மருந்து காட்டிய கிழங்கு, எத்தனை வாரம் வைத்திருந்தாலும் கண் திறக்காது. எனவே தேவைக்கு இரண்டு மடங்காக வாங்கி, முளைத்ததில் நல்லதை மட்டும் எடுத்து, மற்றதைச் சமையலுக்கு அனுப்புவதே வழி. பச்சை நிறம் ஏறியவற்றையும் நீளமாக முளைவிட்டவற்றையும் மட்டும் சமைக்காமல் எறிந்துவிட வேண்டும்.

எந்த வழியில் வாங்கினாலும் பொறுக்கும் முறை ஒன்றே. கோழிமுட்டை அளவில், 40 முதல் 50 கிராம் எடையுள்ள, தோல் இறுகிய முழுக்கிழங்கே சிறந்தது. விரலால் அழுத்தினால் மெதுவாக உள்வாங்குவது, கண்ணோரத்தில் மண் ஈரமாக ஒட்டிப் பிடித்திருப்பது, சொறி படிந்தது, கண்ணருகே பொடிப்பொடியான புழு எச்சம் தெரிவது ஆகியவற்றை ஒதுக்க வேண்டும். பிறகு ஐயமுள்ள ஒன்றிரண்டு கிழங்கை, கொடி ஒட்டியிருந்த வடுவின் பக்கமாகக் குறுக்கே நறுக்கி, லேசாகப் பிதுக்கிப் பாருங்கள். தோலுக்குச் சற்று உள்ளே ஓடும் வளையம் பழுப்பாகி, அதிலிருந்து பால் போன்ற சளி கசிந்தால் அது பாக்டீரியா வாடல். அந்தக் குவியலிலிருந்து ஒன்றைக்கூட நடாதீர்கள். நட்டால் அந்த மண்ணில் பிறகு தக்காளியும் கத்தரியும் மிளகாயும் சேர்ந்து வாடும்.

உறக்கமும் முளைகட்டலும்

அறுவடையான கிழங்கு உடனே முளைக்காது. ரகத்தைப் பொறுத்து ஏறத்தாழ ஆறு முதல் பத்து வாரம் வரை அது உறங்கும். அந்தக் காலத்தில் எவ்வளவு தண்ணீரும் எருவும் கொடுத்தாலும் பயனில்லை, மண்ணில் அழுகுவதற்குத்தான் வாய்ப்பு. குளிர்பதனக் கிடங்கில் 2 முதல் 4 டிகிரியில் இருந்து வந்த விதைக்கிழங்கு உறக்கம் கலைந்ததாக இருக்கும், ஆனால் குளிரில் விறைத்துப் போயிருக்கும். அதைக் கிடங்கிலிருந்து நேராக வெயிலுக்குக் கொண்டுவந்தால் வியர்த்து அழுகும். மூட்டையைப் பிரித்து, காற்றோட்டமான நிழலில் பரப்பி, பத்து நாளாவது ஊர் வெப்பத்துக்குப் பழக விட வேண்டும். உறக்கம் கலையாத புதுக்கிழங்காக இருந்தால், சணல் சாக்கில் வைக்கோலோடு சேர்த்துச் சுருட்டி, வீட்டின் வெதுவெதுப்பான இருட்டு மூலையில் இரண்டு மூன்று வாரம் வைத்தால் கண்ணில் வெள்ளைப் புள்ளி தெரியத் தொடங்கும்.

புள்ளி தெரிந்த அன்றே இருட்டிலிருந்து எடுத்துவிட வேண்டும். மிக அதிகமாகத் தவறு நடக்கும் இடம் இதுதான். இருட்டிலேயே விட்டால் முளை வெள்ளையாக, நூல் போல நீண்டு, தொட்டால் ஒடியும். கிழங்கின் சத்தையெல்லாம் அதுவே தின்றுவிடும். நேரடி வெயில் படாத, ஆனால் நாளிதழ் படிக்கும் அளவு வெளிச்சமுள்ள இடத்தில் வைத்தால் முளை குட்டையாக, தடித்து, பச்சையும் ஊதாவும் கலந்த நிறத்தோடு நிற்கும். ஆண்டிஸ் மலையில் உழவர்கள் காலங்காலமாகச் செய்துவந்த இதைத்தான், பெருவின் லிமாவிலுள்ள பன்னாட்டு உருளைக்கிழங்கு மையம் 'பரவொளிச் சேமிப்பு' என்று பெயரிட்டு வெப்ப நாடுகளில் பரப்பியது. கிழங்கின் தோலும் பச்சையாக மாறும். சாப்பிடும் கிழங்குக்கு அது நஞ்சின் அடையாளம். விதைக்கிழங்குக்கோ பலம், அழுகலும் குறையும்.

இதற்குத் தனித் தட்டுகள் எதுவும் வாங்கத் தேவையில்லை. முப்பது முட்டை வைக்கும் அட்டை போதும். கிழங்கைக் கூர்ந்து பார்த்தால் ஒரு முனையில் கொடி ஒட்டியிருந்த வடு இருக்கும். எதிர்முனையில் கண்கள் நெருக்கமாக இருக்கும். கண் நெருங்கிய தலைப்பக்கம் மேலே பார்க்கும்படி, குழிக்கு ஒன்றாக அடுக்குங்கள். வடக்குப் பார்த்த வராந்தாவோ, மாடிப்படியின் அடிப்பகுதியோ நல்ல இடம். தண்ணீர் தெளிக்க வேண்டாம். எலிக்கும் அணிலுக்கும் எட்டாத இடமா என்று பார்த்துக்கொள்ளுங்கள். என் முதல் ஆண்டு முளைகட்டலில் பாதியை அணில்தான் சோதித்துப் பார்த்தது. கண்ணில் முட்டையிடும் அந்துப்பூச்சியைத் தடுக்க, உலர்ந்த நொச்சி இலையையோ உண்ணிச்செடி இலையையோ அட்டைகளுக்கு இடையே போட்டு, மேலே மெல்லிய நைலான் வலையால் மூடலாம். அசுவினி அண்டாமலிருக்கவும் அந்த வலை உதவும்.

மூன்று நான்கு வாரத்தில் முளை ஒன்று முதல் இரண்டு சென்டிமீட்டர் உயரம் வந்திருக்கும். இந்நிலையில் கிழங்கின் வயதைப் படிக்கக் கற்றுக்கொள்வது நல்லது. தலையில் ஒரே ஒரு முளை மட்டும் முந்திக்கொண்டு நின்றால் கிழங்கு இன்னும் இளமையானது. அப்படியே நட்டால் ஒரு தண்டு, எண்ணிக்கையில் குறைந்த, பெரிய கிழங்குகள். அந்த முதல் முளையைத் தொடக்கத்திலேயே கிள்ளிவிட்டு மேலும் பத்து நாள் வைத்திருந்தால் பக்கத்துக் கண்கள் விழித்து நான்கைந்து முளைகள் வரும். அதுவே வீட்டுத் தேவைக்கு ஏற்ற நடுத்தர வயது. கிழங்கு சுருங்கி, ஒவ்வொரு கண்ணிலும் மெல்லிய முளைகள் கொத்தாக வந்திருந்தால் அது முதுமை. அதற்கும் பிந்தினால், இலையே விடாமல் முளையின் நுனியில் பட்டாணி அளவுக் கிழங்கு பிடிப்பதைக் காணலாம். அத்தகையதை நடுவது வீண்வேலை. முளையே வராத கிழங்கையும், நூல் முளை மட்டும் விட்ட கிழங்கையும் இப்போதே நீக்கிவிடுங்கள், வைரஸ் தாக்கிய சிலவும் அவற்றோடு சேர்ந்து போய்விடும்.

வெட்டி நடலாமா

சமவெளியில் என் பதில், கூடுமானவரை வேண்டாம் என்பதே. குளிர்நாட்டில் வெட்டி நடுவது வழக்கம். அங்கே மண் குளிர்ந்திருக்கும், வெட்டுவாய் ஆறுவதற்கு நேரம் கிடைக்கும். நம் நவம்பர் மண்ணில் ஈரமும் வெதுவெதுப்பும் சேர்ந்திருப்பதால் அழுகல் முந்திக்கொள்ளும். சிறிய முழுக்கிழங்கு கிடைக்காமல், 100 கிராமுக்கு மேற்பட்டவை மட்டுமே கையில் இருந்தால் வெட்டித்தான் ஆக வேண்டும். மலையில் இருப்பவர்கள் சற்றுத் துணிவாக வெட்டலாம்.

நடவுக்கு நான்கைந்து நாள் முன்னதாக வெட்ட வேண்டும். கிழங்கைக் குறுக்கே வெட்டாமல், தலையிலிருந்து வடு வரை நீளவாக்கில் பிளந்தால் இரு துண்டுக்கும் தலைப்பக்கத்து வலுவான கண்கள் கிடைக்கும். ஒவ்வொரு துண்டும் 40 கிராமுக்குக் குறையாமல், இரண்டு மூன்று கண்களோடு இருக்க வேண்டும். தோலோடு சேர்த்துக் கண்ணை மட்டும் சீவி எடுத்து நடும் பழக்கம் சில இடங்களில் உண்டு. முளைத்த செடி வேர்பிடித்து இலைவிடும் வரை துண்டிலுள்ள மாவுச்சத்தையே நம்பி வாழ்கிறது என்பதால், அப்படி நட்டவை ஏழைச் செடிகளாகவே நிற்கும். ஒரு கிழங்கை வெட்டி முடித்ததும் கத்தியை ஸ்பிரிட்டில் தோய்த்த துணியால் துடைத்த பிறகே அடுத்ததைத் தொட வேண்டும். இதை அலுப்பென்று விட்டுவிட்டால், வாடல் நோயுள்ள ஒரு கிழங்கின் கிருமியை எல்லாக் கிழங்குக்கும் நாமே பூசியதாகிவிடும்.

வெட்டிய துண்டுகளை வெயிலில் காயவைக்கக் கூடாது. காய்ந்தால் மேற்பரப்பு உலர்ந்து வெடிக்குமே தவிர ஆறாது. வெட்டுவாயில் தக்கைப் படலம் உருவாக நிழல், காற்றோட்டம், மிதமான ஈரப்பதம் மூன்றும் வேண்டும். சணல் சாக்கின் மேல் ஒற்றை அடுக்காக, வெட்டுவாய் மேலே தெரியும்படி பரப்பி, லேசாக நனைத்துப் பிழிந்த இன்னொரு சாக்கைத் துண்டுகளின் மேல் படாமல் கூடாரம் போலப் பிடித்து வைத்தால், இரண்டு மூன்று நாளில் வெட்டுவாய் தொட்டால் பிசுபிசுக்காமல், தோல் போல இறுகிவிடும். சலித்த விறகுச் சாம்பலை மெல்லியதாகத் தூவுவது நம் பக்கத்துப் பழைய வழக்கம். ஈரத்தை உறிஞ்சுவதால் அது உதவத்தான் செய்கிறது. முழுக்கிழங்கானாலும் துண்டானாலும், நடவுக்கு முன் ஒரு லிட்டர் தண்ணீரில் 10 கிராம் சூடோமோனாஸ் (நன்மை செய்யும் பாக்டீரியாப் பொடி) கலந்த கரைசலில் அரைமணி நேரம் நனைத்து, நிழலில் ஈரம் வடிய விட்டு எடுத்தால் அழுகல் குறையும். முளை ஒடியாமல் கூடையோடு முக்கி எடுப்பது எளிது.

பாத்தி

நான்கு அடி அகலமும் பத்து அடி நீளமும் உள்ள ஒரு பாத்தியைக் கணக்குக்கு எடுத்துக்கொள்வோம். வரிசைக்கு வரிசை இரண்டு அடி, செடிக்குச் செடி 20 சென்டிமீட்டர் என்று வைத்தால் இரண்டு வரிசையில் முப்பது செடிகள். அதற்கு விதைக்கிழங்கு ஒன்றரை கிலோ போதும். செடிக்குக் கால் கிலோ கிடைத்தாலே அது நல்ல விளைச்சல் என்பதால், ஏழெட்டு கிலோவை எதிர்பார்க்கலாம்.

இடம் நாளுக்கு ஆறு மணி நேரமாவது வெயில் படுவதாகவும், முந்தைய மூன்று ஆண்டுகளில் தக்காளி, கத்தரி, மிளகாய் நடாததாகவும் இருக்க வேண்டும். இவை எல்லாம் உருளைக்கிழங்கின் உறவினர்கள், நோயும் பொது. அவரை, பீன்ஸ், கீரை, வெங்காயம் எடுத்த பாத்தி சிறந்தது. ஓர் அடி ஆழத்துக்கு மண்வெட்டியால் கொத்தி, கல்லையும் கட்டியையும் பொறுக்கி, புழுதியாக்குங்கள். கட்டி கிடந்தால் கிழங்கு கோணும். களிமண்ணாக இருந்தால் தேங்காய் நார்த்தூளும் மட்கிய இலையும் சேர்க்கலாம். நன்கு மட்கிய தொழுவுரம் பத்துப் பன்னிரண்டு கிலோவும், வேப்பம் புண்ணாக்கு அரை கிலோவும் மேல் அரையடி மண்ணில் கலந்து, இரண்டு வாரம் ஆறவிட வேண்டும். பச்சைச் சாணம் கூடவே கூடாது: வேர்ப்புழு அதில்தான் வரும், தோலில் சொறியும் கூடும்.

சாம்பலைப் பற்றிச் சொல்ல வேண்டும். கிழங்குப் பயிருக்குச் சாம்பல் நல்லது என்று கூடை கூடையாகக் கொட்டுபவர்கள் இருக்கிறார்கள். சாம்பலில் பொட்டாஷ் இருப்பது உண்மை, உருளைக்கிழங்கு பொட்டாஷை விரும்புவதும் உண்மை. ஆனால் சாம்பலும் சுண்ணாம்பும் மண்ணைக் காரத்தன்மைக்குத் தள்ளும். சொறி நோயை உண்டாக்கும் நுண்ணுயிர் காரமான மண்ணில்தான் செழிக்கும். உருளைக்கிழங்குக்கு உகந்தது சற்றுப் புளிப்பான மண். ஏற்கெனவே காரமான கோவை, திண்டுக்கல் கரிசல் பகுதிகளில் பாத்திக்குச் சாம்பல் இடாமலே விட்டுவிடலாம்.

நடவு

நடவுக்கு முந்தைய நாள் பாத்தியை நனைத்து, மறுநாள் மண்ணைக் கையில் பிடித்தால் உருண்டையாகி, விரலால் தட்டினால் உதிரும் பதத்துக்கு வரவிடுங்கள். மாலை நேரம் நல்லது. இரண்டு வரிசையாக அரைச் சாண் ஆழத்தில் சால் கிழித்து, 20 சென்டிமீட்டருக்கு ஒன்றாகக் கிழங்கை முளை மேலே பார்க்க வைத்து, அதன் மேல் மண் 5 முதல் 7 சென்டிமீட்டர் இருக்கும்படி கையாலேயே மூட வேண்டும். மணற்பாங்கான நிலத்தில் இன்னும் இரண்டு மூன்று சென்டிமீட்டர் ஆழமாகப் போகலாம். களிமண்ணில் மேலோட்டமாக நட்டு, மேலே மண்ணைக் குவித்துப் பார் (நீள மேடு) அமைப்பதே பாதுகாப்பு. மூடிய மண்ணைக் காலால் மிதிக்கவோ மண்வெட்டியால் தட்டவோ வேண்டாம், கஷ்டப்பட்டுக் கட்டிய முளை அடியில் ஒடிந்துவிடும். வெட்டிய துண்டென்றால் வெட்டுவாய் கீழே இருக்கட்டும். பாரின் மேல் வைக்கோலோ காய்ந்த இலையோ இரண்டு விரல்கடை பரப்பினால் பகல் சூடு மண்ணுக்குள் இறங்காது.

இனித் தண்ணீர். நட்ட அன்று ஊற்றத் தேவையில்லை. பாத்தியில் ஏற்கெனவே ஈரம் இருக்கிறது. முளை வெளியே வரும் வரை, அதாவது ஏறத்தாழ இரண்டு முதல் மூன்று வாரம், மேல் மண் வெளுத்தால் மட்டும் இரண்டு பார்களுக்கும் நடுவிலுள்ள சாலில் மெல்லத் தண்ணீர் விட்டு, அது பக்கவாட்டில் ஊறி ஏறட்டும். பூவாளியால் தினமும் தெளிப்பது பாசமாகத் தோன்றினாலும் அழுகலுக்கு அதுவே வழி. இருபத்தைந்தாம் நாளிலும் வராத இடத்தைக் கிளறிப் பார்த்து, அழுகியிருந்தால் சுற்றியுள்ள மண்ணோடு எடுத்து அப்புறப்படுத்துங்கள். பதிலுக்கு நடுவதற்காக முளைகட்டிய கிழங்கு நான்கைந்தைத் தனியாக வைத்திருப்பது உதவும்.

மண் அணைப்பு

செடி ஒரு சாண் உயரம் வந்ததும், நட்ட இருபத்தைந்து முப்பது நாளில், முதல் மண் அணைப்பு. புதுக்கிழங்குகள் விதைக்கிழங்குக்குக் கீழே வருவதில்லை; அதற்கு மேலே தண்டின் மண்ணுக்குள் இருக்கும் பகுதியிலிருந்து பக்கவாட்டில் ஓடும் வெள்ளைத் தண்டுகளின் நுனியில்தான் பிடிக்கின்றன. மேலே மண் போதாவிட்டால் அந்த ஓடுதண்டு வெளிச்சத்துக்கு வந்து இலைவிட்டுச் சாதாரணக் கிளையாகிவிடும். பிடித்த கிழங்கும் வெளியே தெரிந்து பச்சையாகும். சாலிலிருந்து மண்ணை இருபுறமும் இழுத்து, செடியின் பாதி உயரம் வரை தண்டோடு சேர்த்து அணைத்து, இரண்டு வாரம் கழித்து மறுமுறையும் செய்ய வேண்டும். மண்புழு உரம் இடுவதாக இருந்தால் முதல் அணைப்பின்போது இடுவது வசதி. அணைப்புக்குப் பிறகு சாலில் ஈரம் ஏறி இறங்காமல் சீராக இருக்க வேண்டும். காயப்போட்டுவிட்டுத் திடீரென்று நிறையத் தண்ணீர் விட்டால் கிழங்கு வெடிக்கும்.

மாடியில் பையில் வளர்ப்பவர்களுக்கும் இதுவரை சொன்னது பொருந்தும். 40 லிட்டர் பையில் இரண்டு அல்லது மூன்று கிழங்கு போதும். பாதி வரை மண்கலவை நிரப்பி நட்டு, செடி வளர வளர மேலே நிரப்பலாம். பீப்பாயில் மூன்றடி உயரத்துக்கு மண்ணைக் குவித்துக்கொண்டே போனால் அடி முதல் நுனி வரை கிழங்கு பிடிக்கும் என்று காட்டும் படங்களை மட்டும் நம்ப வேண்டாம். நம்மிடம் கிடைக்கும் குறுகிய காலம் வளரும் ரகங்களில், விதைக்கிழங்கை ஒட்டிய ஓர் அடிக்குள்தான் கிழங்கு இருக்கும். மீதியெல்லாம் வெறும் மண். கறுப்புப் பை வெயிலில் சுடும் என்பதால் வெள்ளைப் பையைத் தேர்ந்தெடுத்து, தென்மேற்கு வெயில் நேராகப் படாதபடி சணல் சாக்கால் சுற்றி வைக்கலாம்.

எண்பது முதல் நூறு நாளில் இலை மஞ்சளாகித் தழை சாயும். தண்ணீரை நிறுத்தி, தழையைத் தரையோடு அறுத்துவிட்டுப் பத்துப் பதினைந்து நாள் கிழங்கை மண்ணிலேயே விட்டால் தோல் இறுகும். கட்டைவிரலால் தேய்த்துத் தோல் உரியாமல் இருக்கும்போது தோண்டலாம். தோண்டும்போது கோலிக்குண்டு அளவுப் பொடிக்கிழங்கையும் விடாமல் பொறுக்கிவிட வேண்டும். அடுத்த மழைக்கு அவை தாமாக முளைத்து, அந்தப் பாத்தியில் வைத்த பயிருக்கு நடுவே நோயையும் அசுவினியையும் வளர்த்துக்கொண்டு நிற்கும். அறுவடை செய்த கிழங்கையே அடுத்த ஆண்டு விதையாக வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டால், சமவெளி வெயிலில் ஒன்பது மாதம் கிழங்கு கெடாமல் தாங்காது. மலையில் தாங்கும், ஆனாலும் இரண்டு பருவத்துக்கு மேல் சொந்த விதையில் ஓட்டாமல் புது விதைக்கிழங்கு வாங்கிவிடுவது நல்லது.